பிரிவைப் பேசும் அனிமேஷன் படங்கள்: நம் பள்ளித் திரையிடலுக்கு எது ஏற்றது?

திருப்பூரின் புறநகர்ப் பள்ளி ஒன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்ப்பதற்கென ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்தபோது, பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வதையும் உறவுகளைப் பிரிந்திருப்பதையும் பேசும் அனிமேஷன் படமாக அது இருக்கட்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. எந்தப் படம் என்பதில்தான் கருத்துகள் பிரிந்தன. அண்மையில் வந்த படமாக வேண்டும் என்றார் ஒருவர். பிள்ளைகளை அழவைக்காத படமாக வேண்டும் என்றார் மற்றொருவர். பெரியவர்கள் நடுவில் கைபேசியை எடுக்காத படம் எதுவானாலும் சரி என்றார் இன்னொருவர். பெயர் சொல்லப்பட்ட படங்கள் ஏழெட்டு இருந்தாலும், உண்மையில் எடைபோட்டுப் பார்க்கத் தக்கவை நான்கு என்பது என் கருத்து. அந்த நான்கையும் இந்த ஊரின் பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதே இக்கட்டுரையின் வேலை.

படங்களுக்குப் போகுமுன், தரையில் விரித்த ஜமுக்காளத்தில் உட்காரப்போகிறவர்கள் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பனியன் கம்பெனி வேலைக்காகத் தேனி, மதுரை, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு பகுதியினர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் இன்னொரு பகுதியினர். இவர்களுள் பலருக்குத் தாத்தா பாட்டி என்போர் கைபேசித் திரையில் தெரியும் முகங்களே. வந்தவர்களின் பிள்ளைகள் என்று மட்டும் இந்த அரங்கைக் கருதிவிட்டால் அது பாதிக் கணக்காகிவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகளோடு ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாத தந்தையர் உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரிகளில் ஓடிக்கொண்டிருக்கும் தந்தையர் உண்டு. தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுகளில் இருப்பதால் வாரம் முழுவதும் அப்புச்சி (தாய்வழித் தாத்தா) வீட்டிலேயே வளரும் பிள்ளைகளும் உண்டு. கொங்கு நாடு பிறரை வரவழைக்கும் நாடு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தன் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாடும் அதுவே என்பதைச் சொல்வது குறைவு.

ஆகவே நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: போனவரையும் காத்திருப்பவரையும் ஒரே கதைக்குள் சமமாக நிறுத்துகிற படம் எது? ஓவியத்தின் அழகு, பாட்டின் இனிமை, பரிசுகளின் எண்ணிக்கை ஆகியவை இதற்கு அடுத்தபடிதான்.

1986ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’ என்ற படத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டான் புளூத் இயக்க, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஆம்ப்ளின் நிறுவனம் தயாரித்த இப்படத்தின் கதை 1885இல், அன்றைய ருசியப் பேரரசின் சோஸ்ட்கா என்ற ஊரில் தொடங்குகிறது. மௌஸ்கவிட்ஸ் என்னும் யூத எலிக்குடும்பத்தின் வீடு, பூனைகளின் தாக்குதலில் எரிந்துபோகிறது. 1881இல் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் கொல்லப்பட்டதை அடுத்து அங்கு யூதர்கள்மீது கலவரங்கள் கட்டவிழ்த்துவிடப்பட்டதும், 1924 வரையிலான நாற்பது ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததும் வரலாறு. அந்த வரலாற்றைப் பூனை, எலி என்ற உருவில் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் படம் வைக்கிறது. ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பலேறும் குடும்பம் நடுக்கடலில் புயலில் சிக்குகிறது. ஃபைவல் என்னும் சிறுவன் கப்பலிலிருந்து கடலில் தூக்கியெறியப்படுகிறான். ஒரு புட்டியில் மிதந்து நியூயார்க்கை அடையும் அவன், தன் குடும்பத்தைத் தேடி அலைகிறான். அவன் இறந்துவிட்டான் என்று நம்பும் குடும்பம் அதே ஊரில் வேறொரு மூலையில் வாழத் தொடங்குகிறது. ஸ்பீல்பெர்க்கின் தாய்வழித் தாத்தாவின் பெயரே சிறுவனுக்கு இடப்பட்டிருக்கிறது என்பதால், தயாரிப்பாளருக்கு இது சொந்த வீட்டுக் கதையும்கூட.

இந்தப் படத்தை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமாக்குவது, அதில் பிறந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படுவதைக் காட்டிலும் போய்ச்சேரும் ஊரைப் பற்றிச் சொல்லப்படும் பொய்தான். அமெரிக்காவில் பூனைகளே கிடையாது, தெருவெல்லாம் பாலாடைக்கட்டி கிடக்கும் என்று கப்பலில் எலிகள் பாடுகின்றன. இத்தாலியிலிருந்து வந்த எலி, அயர்லாந்திலிருந்து வந்த எலி, ருசியாவிலிருந்து வந்த எலி என ஒவ்வொன்றும் தன் ஊரில் பூனையால் யாரை இழந்தது என்பதைச் சொல்லிவிட்டு அந்தப் பல்லவியில் சேர்ந்துகொள்கிறது. ஒரே லைன் வீட்டு வரிசையில் ஒடியாவும் போஜ்புரியும் தேனித் தமிழும் கேட்கும் ஊரில், வெவ்வேறு துயரங்கள் ஒரே நம்பிக்கையில் வந்து கலக்கும் இக்காட்சிக்கு விளக்கவுரை தேவைப்படாது. கரையிறங்கிய சிறிது நேரத்திலேயே பூனைகள் இருப்பது தெரிந்துவிடுகிறது. ஏஜென்டுகள் சொன்ன சம்பளத்துக்கும் கையில் கிடைத்த சம்பளத்துக்கும் இருந்த இடைவெளியைக் கண்ட பெற்றோர், பிள்ளைகளுக்கு முன்னால் அந்தக் காட்சிக்குச் சிரிப்பார்களா, அமைதியாக இருப்பார்களா என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது, இரண்டும் நடக்கும்.

ஊரைப் பற்றி வதந்தி இரு வழிகளிலும் ஓடும் என்பதற்கு நமக்கே சான்று இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவி, திருப்பூரிலும் கோவையிலும் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் பதறியதும், பீகார் அரசு அதிகாரிகளின் குழுவொன்று நேரில் வந்து விசாரித்துச் சென்றதும் பலருக்கு மறந்திருக்காது. அங்கே பூனையே இல்லை என்பதும், அங்கே எல்லாமே பூனைதான் என்பதும், அந்த ஊரைக் கண்ணால் காணாதவர்களிடையே ஒரே வேகத்தில் பரவுகின்றன. படம் முடிந்தபின் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல கதவு கிடைக்காது.

நியூயார்க்கில் ஃபைவலுக்கு நேர்வது அடுத்த நெருக்கம். வாரன் டி. ராட் என்னும் ஏமாற்றுக்காரன் குடும்பத்திடம் சேர்ப்பதாகச் சொல்லி அவனை அழைத்துப்போய், பிள்ளைகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் பட்டறையொன்றுக்கு விற்றுவிடுகிறான். அக்காலத்து நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழில் இத்தகைய நெருக்கடியான பட்டறைகளில்தான், புதிதாகக் கப்பலிறங்கியவர்களின் உழைப்பில் வளர்ந்தது. ஆடைத் தொழிலையே சோறாக உண்ணும் நகரத்தில் இதைத் திரையிடுவது சங்கடம் தரும் என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். சங்கடம் வரட்டும் என்பதே என் பதில். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்துவது குற்றம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சொல்கிறது. குடும்பத்தோடு சேர்ந்து பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவதற்கும், சில நிபந்தனைகளோடு குழந்தைக் கலைஞராக நடிப்பதற்கும் மட்டுமே அதில் விலக்கு உண்டு. பஞ்சாலை விடுதிகளின் நிலை பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசிய ஊர், ஓர் எலிக்குஞ்சு ஜன்னல் வழியே தப்பிப்பதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படம் என் அளவுகோலில் நிமிர்ந்து நிற்பது தான்யாவால். ஃபைவலின் அக்காளான அவள், தம்பி உயிரோடிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தாயும் தந்தையும் ஆறாத துயரத்தோடு அதை ஏற்க மறுக்கிறார்கள். தொலைந்தவனும் காத்திருப்பவளும் தனித்தனி இடத்தில் நின்று ஒரே நிலவைப் பார்த்து ஒரே பாட்டைப் பாடும் காட்சி, படத்தின் நடுவில் வருகிறது. ஜேம்ஸ் ஹார்னர் இசையமைப்பில் பங்கேற்ற அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, கிராமி விருதையும் வென்றது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தந்தை ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்க, இங்கே அப்புச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு, தான் வெறுமனே விட்டுச்செல்லப்பட்டவள் என்ற நினைப்பை மாற்றி, கதையில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று காட்டும் பாத்திரம் தான்யா. மற்ற மூன்று படைப்புகளிலும் இப்படி ஒருத்தி இல்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது முறையாகாது. குடும்பமும் சிறுவனும் ஒருவரையொருவர் மயிரிழையில் தவறவிடும் காட்சிகள் அடுத்தடுத்து வந்து சலிப்பூட்டுகின்றன. படம் வெளியான காலத்தில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட், குழந்தைகளுக்கு இது மிகவும் இருண்டதாக இருக்கிறது என்று குறைகூறினார். அதில் நியாயம் இருக்கிறது. புயல் காட்சி உண்மையிலேயே அச்சமூட்டுவது. கதையின் பிற்பகுதியில் அநாதை எலிகள் சிலர், உன் வீட்டார் உன்னைத் தேடுகிறார்கள் என்றால் இந்நேரம் கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்ற வகையில் பேசி ஃபைவலின் நம்பிக்கையைக் கலைத்துவிடும் இடமொன்று வருகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையோ, தாயைப் பார்த்து நெடுநாளான பிள்ளையோ அந்த நேரத்தில் யாருக்கருகில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும். பவானிசாகர், பூலுவபட்டி முதலிய இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு அருகிலுள்ள பள்ளிகள் இப்படத்தைத் தேர்ந்தெடுப்பதானால் கடற்புயலைப் பற்றி இன்னும் ஒருமுறை யோசிக்கலாம். அங்குள்ள பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஆனால் அவர்களுக்குப் பின்னால் உட்காரும் மூத்தவர்கள் படகில் வந்தவர்கள்.

அடுத்தது, குழுவில் மிகுந்த ஆதரவு பெற்ற ‘எலிமென்டல்’. 2023இல் பிக்ஸார் வெளியிட்ட இப்படத்தின் இயக்குநர் பீட்டர் சோன், கொரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறி மளிகைக் கடை நடத்திய பெற்றோரின் மகன். அந்த நினைவுகளே கதைக்கு அடிப்படை. நெருப்பு நாட்டிலிருந்து வரும் தம்பதியர், தண்ணீரும் காற்றும் மண்ணும் ஏற்கெனவே குடியிருக்கும் நகரத்தில் இறங்குகிறார்கள். பதிவு செய்யும் அலுவலர் அவர்களது பெயரை உச்சரிக்க முடியாமல் தனக்கு வசதியான பெயரை வைத்துவிடுகிறார். வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகின்றன; முடிந்தாலும் மறப்பதில்லை. வாடகைக்கு விடும் பலகையின் கீழ் யார் யாருக்கு வீடு இல்லை என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடமும் இருப்பதால், அந்த நிமிடங்கள் வந்தவர்களுக்கு மட்டுமின்றி வீட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கும் பாடமாகும்.

ஆனால் அதன்பிறகு படம் வேறொரு பாதையில் செல்கிறது. எம்பர் என்னும் மகள், தந்தை பெர்னி உருவாக்கிய கடையைத் தான் ஏற்று நடத்த வேண்டுமா, தனக்குப் பிடித்த கண்ணாடி வேலைக்குப் போகலாமா என்ற இழுபறியும், வேட் என்னும் நீர் இளைஞன்மீது அவளுக்கு வரும் காதலுமே மையமாகின்றன. கொங்கு நாட்டில் இந்தக் கதைக்குப் பெருங்கூட்டம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றிரண்டு தறியில் தொடங்கிக் கம்பெனியாக வளர்த்த தந்தை, அதை ஏற்க மனமில்லாமல் பெங்களூருக்குப் போக விரும்பும் மகன் அல்லது மகள் என்பது இங்கே தெருவுக்கு ஒரு கதை. சொல்லப்போனால், பிள்ளைகளைக் காட்டிலும் கம்பெனி உரிமையாளர்களின் சங்கக் கூட்டத்தில் காட்டவேண்டிய படம் இது. நெருப்பு நாட்டை விட்டுப் புறப்படுகையில் பெர்னி தன் தந்தையின் முன் விழுந்து வணங்க, அவர் அந்த வணக்கத்தைத் திருப்பித் தராமல் முகம் திருப்பிக்கொள்வதும், இறுதியில் எம்பர் அதே வணக்கத்தைச் செய்கையில் பெர்னி அதைத் திருப்பித் தருவதும் மூன்று தலைமுறையின் பிரிவை இரண்டு அசைவுகளில் சொல்லிவிடுகின்றன. பிரிவைப் பற்றி இப்படத்தில் இருப்பதில் சிறந்தது இதுதான். அளவில் இது சிறியதும்கூட. ஊரில் விட்டுவந்த தந்தை அதன்பின் என்ன ஆனார், எப்படிக் காத்திருந்தார் என்பதைப் படம் கேட்பதே இல்லை. வந்து நிலைபெற்றவர்களின் இரண்டாம் தலைமுறைக்கான கதை என்ற முறையில் இது நேர்மையானது; நம் பள்ளியிலோ முதல் தலைமுறை இன்னும் பெட்டியைப் பிரித்து முடிக்கவில்லை. காதல் கதை மூன்றாம் வகுப்புக்கு அலுப்பையும் எட்டாம் வகுப்புக்குக் கூச்சலையும் தரும் என்பது தனிக் குறிப்பு.

‘கோகோ’வை மறுப்பது கடினம். 2017இல் லீ அன்கிரிச் இயக்கிச் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற இந்தப் படம், நான்கிலும் கலைநயத்தில் முதன்மையானது. இதில் எனக்கு ஐயமே இல்லை. இசைக்காக வீட்டைவிட்டுப் போன ஓர் எள்ளுப்பாட்டனைக் குடும்பம் புகைப்படத்திலிருந்தே கிழித்தெறிந்துவிடுகிறது. அவர் ஏன் திரும்பவில்லை என்ற உண்மையைக் கொள்ளுப்பேரனுக்கும் அடுத்த தலைமுறையான மிகேல் என்னும் சிறுவன், இறந்தோர் உலகத்துக்குப் போய்க் கண்டறிகிறான். போட்டோ வைத்து மாலை போட்டு வணங்கும் வழக்கம் நமக்கும் இருப்பதாலும், ஆடி அமாவாசையன்று பவானி கூடுதுறையில் கூடும் கூட்டத்தைப் பிள்ளைகள் கண்டிருப்பதாலும், மெக்சிகோவின் இறந்தோர் நாள் இங்கே அந்நியமாகத் தோன்றாது. நினைவில் வைத்திருப்போர் உள்ளவரை மட்டுமே இறந்தவர் அந்த உலகில் இருக்கலாம் என்ற கற்பனையை ஆறு வயதுக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். போட்டோ இல்லாதவர்கள் பாலத்தைக் கடக்க முடியாமல் சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்படும் காட்சியில், ஆவணம் இல்லாத புலம்பெயர்ந்தோரின் நிலையையும் படம் போகிற போக்கில் தொட்டுவிடுகிறது.

அப்படியிருந்தும் இந்த ஆண்டுக்கு இதை நான் முன்மொழியவில்லை. காத்திருந்து கோபமுற்ற குடும்பத்தின் பக்கத்திலிருந்து தொடங்கும் இக்கதை, போனவனின் பக்கத்துக்கு வந்து சேரும்போது அவன் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன; வீட்டை நோக்கித் திரும்பும் வழியில் கொல்லப்பட்டவன் அவன் என்பது வெளிப்படும் இடம் படத்தின் உச்சம். தந்தை இப்போது வெளியூரில் இருக்கும் பிள்ளையின் மனத்தில், திரும்பாதவர் இறந்திருக்கலாம் என்ற எண்ணத்தை விதைக்கும் வேலையைப் பள்ளி செய்ய வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். நேர்மாறான நிலையில் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. தந்தையை விபத்திலோ நோயிலோ இழந்த பிள்ளைக்கு, ‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’ படத்தின் இறுதியில் வரும் கூடல் பொய்யாகவும் கொடுமையாகவும் தோன்றலாம்; ‘கோகோ’ அப்படிப் பொய் சொல்லாது. அத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டில், பெரியவர் ஒருவர் அருகிருந்து தனியாகப் போட்டுக்காட்ட வேண்டிய படம் அது.

நான்காவது, படம் என்பதைவிடத் தொடர் என்று சொல்லத்தக்கது. ‘தாயைத் தேடி மூவாயிரம் லீக்’ (லீக் என்பது பழைய தூர அளவு) என்று பொருள்படும் பெயரில், 1976இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 52 பகுதிகளாக இசாவோ தகஹாட்டா இயக்கி வெளிவந்தது. இத்தாலிய எழுத்தாளர் எட்மொண்டோ டி அமிசிஸ் 1886இல் வெளியிட்ட நூலொன்றில் வரும் சிறுகதையே இதன் மூலம். ஜெனோவாவில் வாழும் மார்கோ என்னும் சிறுவனின் தாய், குடும்பத்தின் கடனை அடைப்பதற்காக அர்ஜென்டினாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிறாள். கடிதங்கள் நின்றுபோகின்றன. சிறுவன் கடல்கடந்து அவளைத் தேடிப்போகிறான்.

பிழைப்புக்காகப் பிரிந்து போவது தந்தையாகத்தான் இருக்கும் என்ற வழக்கமான கதையமைப்பை உடைத்து, தாயை அனுப்பிய கதை இது. கடன் என்ற சொல்லைக் குழந்தைகளிடமிருந்து இது மறைப்பதில்லை. விசைத்தறியிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள், முன்பணம் கழியும்வரை ஊர் திரும்ப இயலாமல் இருப்பதை அறிந்த பிள்ளைகளுக்கு, மார்கோவின் வீட்டில் நடக்கும் பேச்சு தங்கள் வீட்டுப் பேச்சாகவே கேட்கும். மேலும், வழியில் மார்கோ சந்திக்கும் மனிதர்கள் நல்லவர்களாகவும் கெட்டவர்களாகவும் மட்டும் இல்லாமல், பெரும்பாலும் தங்கள் வேலையில் மூழ்கிய சாதாரணமானவர்களாக இருக்கிறார்கள். தகஹாட்டாவின் கை அதில் தெரிகிறது. தரத்தில் நான் இதை ‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’ படத்துக்கு மேலே வைப்பேன். ஆனால் 52 பகுதிகள் என்பது இருபது மணி நேரம். சுருக்கப்பட்ட திரைப்பட வடிவங்களும், 1999இல் புதிதாக எடுக்கப்பட்ட படமும் உண்டு. எனினும் இக்கதையின் வலிமை அதன் மெதுவான நடையில்தான் இருக்கிறது, நாள்கள் கழிவதைப் பார்ப்பவரும் உணர வேண்டும். ஒரே மாலையில் காட்டுவதற்கு இது ஏற்றதன்று. வாரம் ஒரு பகுதியாக நூலகப் பாடவேளையில் ஓராண்டு முழுக்கக் காட்டுவதற்கு மிகவும் ஏற்றது. தலைமையாசிரியர் இதைத் தனியாக முடிவு செய்யட்டும்.

பெயர் சொல்லப்பட்ட மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். ஈரானியப் பெண்ணின் தன்வரலாறான ‘பெர்செபோலிஸ்’, ஆப்கானிய அகதி ஒருவரின் வாழ்க்கையைப் பதியும் ‘ஃப்ளீ’, காபூலில் தந்தை சிறைப்பட்டபின் ஆண் வேடமிட்டுக் குடும்பத்தைக் காக்கும் சிறுமியின் கதையான ‘த பிரெட்வின்னர்’ ஆகிய மூன்றும் அரிய படங்கள். மூன்றும் பதின்மூன்று வயதுக்குக் கீழே எச்சரிக்கை வேண்டும் என்று அமெரிக்கத் தணிக்கையில் வகைப்படுத்தப்பட்டவை. உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பிவைப்போம். ‘பேடிங்டன்’ கரடியின் படம் வேடிக்கையானது, அன்பானது; ஆனால் அதில் கரடி மட்டுமே அனிமேஷன், லண்டனும் மனிதர்களும் நிஜம் என்பதோடு, குளிர்கால லண்டன் நகைச்சுவையில் பாதி நம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பில் உதிர்ந்துவிடும்.

மொழிச் சிக்கலையும் நேர அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனெனில் அவை ஒன்றையொன்று பாதிப்பவை. எந்தப் படத்தை எடுத்தாலும், அரங்கில் உள்ள எல்லோருக்கும் பொதுவான ஒலிமொழி ஒன்று இருக்கப்போவதில்லை. தமிழ்க்குரல் இருந்தால் ஒடியாக் குடும்பம் வெளியே நிற்கும். இந்திக்குரல் இருந்தால் தேனிக் குடும்பமும் உள்ளூர்க் குடும்பமும் வெளியே நிற்கும். படத்தை நான்கு துண்டுகளாக நிறுத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்பு ஆசிரியர் தமிழில் சுருக்கம் சொல்ல, எட்டாம் வகுப்பிலுள்ள வடமாநிலப் பிள்ளையொன்று அதை இந்தியில் சொல்வதே செயல்படக்கூடிய ஏற்பாடு. தமிழ் நன்றாகப் பேசத் தெரிந்தும் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நல்ல வேலை. இப்படி நிறுத்தி நிறுத்திக் காட்டினால், 80 நிமிடம் ஓடும் ‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’ இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஏறக்குறைய 100 நிமிடம் ஓடும் ‘எலிமென்டல்’, 105 நிமிடம் ஓடும் ‘கோகோ’ ஆகியவை இரண்டரை மணி நேரத்தை எட்டும். மறுநாள் காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் போகும் பெற்றோர் அதுவரை உட்கார மாட்டார்கள். பழைய படத்தில் பேச்சைவிடப் பாட்டும் ஓட்டமும் மிகுதி என்பதும் மொழி தெரியாதவருக்கு உதவும். ‘எலிமென்டல்’ முழுக்க முழுக்கப் பேச்சு.

சட்டம் பற்றியும் ஒரு சொல். வீட்டுச் சந்தா ஒன்றைக் கொண்டு கோயில் திடலிலோ மண்டபத்திலோ பொதுத் திரையிடல் நடத்த உரிமை கிடையாது. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், அவர்தம் பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவதை மீறலாகக் கருதுவதில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா நடந்துவருவதால், படக்கருவி, திரை ஆகியவற்றைப் பற்றிய பழக்கமும் ஆசிரியர்களுக்கு இருக்கிறது. ஆகவே திரையிடல் பள்ளி வளாகத்துக்குள், நம் பெற்றோருக்கு மட்டும் என்றே இருக்கட்டும். வார்டு முழுவதையும் அழைக்கலாம் என்ற யோசனையைக் கைவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் ‘ஆன் அமெரிக்கன் டெய்ல்’ படத்தையே பரிந்துரைக்கிறேன். அது நான்கிலும் சிறந்த படைப்பு என்பதனால் இந்தப் பரிந்துரை எழவில்லை. ஓவிய நேர்த்தியில் ‘கோகோ’வும், மனித அறிவில் மார்கோவின் தொடரும் அதைத் தாண்டியவை. இங்கே சேரும் இருவகைப் பிள்ளைகளுக்கும் அதில் ஆளுக்கோர் இடம் இருக்கிறது என்பதே காரணம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைப் புயல் காட்சி முடியும்வரை பக்கத்து அறையில் கதை சொல்லி வைத்திருந்து, நியூயார்க் காட்சிகளிலிருந்து உள்ளே அழைக்கலாம். டைகர் என்னும் மரக்கறி தின்னும் பூனை வரும் பகுதியை அவர்கள் தவறவிடக்கூடாது. நாளைப் பொறுத்தவரை, சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிச் சந்தைக்கும் கடன்காரருக்கும் போகும் மாலை என்பதால் அது ஒத்துவராது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால், ஏழு மணிக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிடலாம்.